ஒரு கோடு சரியாக வரும்வரை

பிளேடால் துணியைச் சுரண்டும் சத்தம் எனக்கு இன்றைக்கும் ஆகாது. வீட்டில் யாராவது ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய காகிதத்தைச் சுரண்டினால்கூட எழுந்து வெளியே போய்விடுவேன். பேரப்பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தாத்தாவை விரட்ட வேண்டுமென்றால் ஒரு பிளேடு போதும் என்று தங்களுக்குள் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். திருச்சிராப்பள்ளியில் வாய்க்கால், மதகு வேலைகளைக் கவனிக்கும் ஒரு எஞ்சினியர் ஆபீஸில் நான் பல வருஷம் அந்தச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். மேட்டூரில் அணை கட்டி முடித்தாகிவிட்டது, யுத்தம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. அந்தக் காலம். அறையின் கோடியில், ஜன்னலை ஒட்டிய பெரிய மேஜையில், எங்கள் ஹெட் டிராப்ட்ஸ்மேன் குனிந்தபடி சர், சர் என்று சுரண்டிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு சுரண்டலுக்கும் என் பல் கூசும்.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு மதகு கட்ட வேண்டுமென்றால் அதன் பிளானை ஹெட் முதலில் கெட்டித் தாளில் பென்சிலால் வரைவார். டிரேசர்களான நாங்கள் அதன்மேல் மெழுகு போட்டதுபோல் பளபளக்கும் டிரேசிங் துணியை விரித்து, கோட்டுக்குக் கோடு கறுப்பு மையால் எடுப்போம். பிறகு மொட்டைமாடிக்குப் போய் அந்தத் துணியையும் மருந்து தடவிய தாளையும் ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து வெயிலில் காட்டுவோம். தொட்டித் தண்ணீரில் அலசினால் நீலத் தாளில் வெள்ளைக் கோடுகளாகப் பிளான் எழுந்து வரும். வேட்டி காயப்போடுவதுபோல் அதைக் கொடியில் போடுவோம். வெயில் இருந்தால்தான் நகல். மேகம் போட்டால் ஆபீஸே கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். திருச்சியில் வெயிலுக்குப் பஞ்சம் கிடையாது. இருந்தும் எங்கள் ஆபீஸிலிருந்துதான் நகல் போய்ச் சேராது. காரணம் ஹெட்.

அவர் ஸ்ரீரங்கத்துக்காரர். ஒல்லியான தேகம், சுத்தமான பஞ்சகச்சம், நெற்றியில் கத்தி முனைபோல் திருமண். அவர் போட்ட கோடுகளை நான் குறை சொல்லமாட்டேன். அவ்வளவு அழகான கோட்டை அதற்குப் பிறகு எங்கும் பார்த்ததில்லை. ஆனால் அந்த அழகு அவரை ஒருநாளும் நிம்மதியாக இருக்கவிடவில்லை. போட்டு முடித்த கோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். மயிரிழை கனம் கூடியிருந்தால் பிளேடை எடுத்துவிடுவார். சுரண்டிவிட்டு அதே இடத்தில் மறுபடி மை. மறுபடி வெளிச்சம், மறுபடி பிளேடு. கடைசியில் துணி ஓட்டையாகிவிடும். ஓட்டை விழுந்த துணி உதவாது என்று புதுத்துணியை விரிப்பார். வியர்வைச் சொட்டு விழுந்தாலும் துணி கெட்டுவிடும் என்பதால் சித்திரை வெயிலிலும் மணிக்கட்டில் துண்டைச் சுற்றிக்கொண்டு வேலை செய்வார். அவர் கழித்துப் போட்ட துணிகளை நாங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் வெந்நீரில் ஊறவைத்து, பளபளப்புக்குப் போட்ட கஞ்சியை எடுத்துவிடுவோம். உள்ளே இருப்பது நயமான துணி. எங்கள் ஆபீஸ்காரர்கள் வீட்டில் அந்த வருஷங்களில் பிறந்த குழந்தைகள் எல்லாம் ஹெட்டின் தவறுகளைத்தான் சட்டையாகப் போட்டுக்கொண்டு தவழ்ந்தன.

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, அன்று சிரிக்க முடியவில்லை. நாங்கள் எடுத்த கோடுகளையும் அவர் விட்டுவைக்கமாட்டார். மணிக்கணக்காகக் குனிந்து எடுத்த டிரேசிங்கைக் கொண்டுபோய் வைத்தால், ஒரு வார்த்தை திட்டமாட்டார். "வெச்சுட்டுப் போப்பா" என்பார். சற்று நேரத்தில் அந்தச் சத்தம் கேட்கும். திட்டியிருந்தால் பதிலுக்கு எதையாவது முணுமுணுத்துவிட்டு ஆறியிருப்பேன். சுரண்டுகிறவரை என்ன செய்ய முடியும்? எப்படியும் சுரண்டப்போகிறார் என்று தெரிந்த பிறகு நாங்களும் ஏனோதானோ என்று எடுக்க ஆரம்பித்தோம். அவர் இன்னும் அதிகமாகச் சுரண்டினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் உறையூரில் எங்கள் தெருவில் எல்லோரும் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள், நான் மட்டும் மறுநாள் திங்கட்கிழமை என்பதை நினைத்து எழுந்து எழுந்து உட்காருவேன். என் பக்கத்து மேஜைக்காரர் கண் வலி என்று சொல்லி வேலையை விட்டுவிட்டுச் சத்திரம் பக்கம் சோடாக் கடை வைத்தார். கண்ணில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அவருடைய பழைய வாழ்க்கையில் ஏதோ ஒரு விபத்து இருக்கும், அவர் பிளான் போட்ட ஒரு பாலமோ கரையோ இடிந்திருக்கும், அதனால்தான் இப்படி என்று நாங்கள் தீர்மானித்து விசாரித்துப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. அவர் வரைந்தது எதுவும் எப்போதும் இடிந்ததில்லை. அவர் பயம் எதிலிருந்து முளைத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அது பயம் என்பது மட்டும் பின்னால்தான் புரிந்தது. அப்போது திமிர் என்றே நினைத்தேன்.

அந்த வருஷம் கொள்ளிடத்துக்கு வடக்கே, மண்ணச்சநல்லூர்ப் பக்கம் போகும் ஒரு வாய்க்காலின் மதகு உடைந்து கிடந்தது. பக்கச்சுவர் சரிந்து, பலகைகள் உளுத்துப்போயிருந்தன. ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் அதைக் கட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த வாய்க்காலை நம்பிய அத்தனை வயலும் காய்ந்துபோகும். மாசி மாதத்திலேயே வேலை ஹெட்டிடம் வந்துவிட்டது. ஒரே காலையில் பென்சில் பிளானை முடித்துவிட்டார் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் மறுநாள் அதை எடுத்து மடித்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டு, புதிதாக ஒன்று ஆரம்பித்தார். பிறகு அதுவும் சரியில்லை. பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. வரைந்துகொண்டிருப்பதை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டு போவார். யாரும் தொட்டுவிடக் கூடாது.

எஞ்சினியர் நல்ல மனிதர், ஆனால் அவர் தலைக்கு மேலும் ஆட்கள் இருந்தார்கள். வைகாசியில் ஒருநாள் ஹெட்டின் மேஜைக்கே வந்து, எங்கள் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். "திங்கட்கிழமை காலையில பிளான் என் மேஜையில இருக்கணும். இல்லேன்னா உங்களை இந்த நாற்காலியில வெச்சுக்க எனக்கு வழியில்லை. சாதா டிராப்ட்ஸ்மேனா மருங்காபுரிப் பக்கம் ஏரி வேலைக்குப் போக வேண்டியதுதான்." வாய்க்காலே இல்லாத வறண்ட சீமைக்கு அனுப்புவது எங்கள் ஆபீஸில் பெரிய தண்டனை. ஹெட் எழுந்து நின்று, "முடிச்சுடறேன் சார்" என்றார். அன்று அவர் கொண்டுவந்த தயிர்சாதத் தூக்கு திறக்கப்படாமலே திரும்பிப் போயிற்று.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. லீவு என்பதே தெரியாத மனிதர். எஞ்சினியர் பூட்டிக்கிடந்த அலமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போய்யா. சாவியை வாங்கிட்டு வா. மனுஷன் எப்படி இருக்கார்னும் பாரு" என்றார். காவேரிப் பாலத்தின்மேல் போகும்போது கீழே மணலும் நடுவில் ஓடையாகக் கொஞ்சம் தண்ணீருமாகக் கிடந்தது. அந்த மணலைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் வந்தது. இன்னும் சில வாரத்தில் தண்ணீர் வரப்போகும்போது இங்கே ஒருவர் கோட்டின் கனத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று திட்டிக்கொண்டே மிதித்தேன்.

ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டு வாசலை அடுத்த ரேழியில் நின்று குரல் கொடுத்தேன். அவருடைய மனைவி வந்தார். கண் சிவந்திருந்தது. "ஆபீஸ்லேருந்தா வந்திருக்கேள்? உள்ளே பாருங்கோ" என்று கதவை ஒருக்களித்தார். கூடத்தில் ஹெட் கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தார். ஆபீஸுக்குக் கிளம்பத்தான் உட்கார்ந்திருக்கிறார். திருமண் இட்டுக்கொள்வதும், கண்ணாடியில் பார்ப்பதும், ஈரத்துணியால் துடைப்பதுமாக இருந்தார். மறுபடி குச்சியால் வெள்ளைக் கோடு. மறுபடி துடைப்பு. நெற்றி சிராய்த்துச் சிவந்து, ஓரிடத்தில் தோல் உரிந்திருந்தது. நான் வந்ததை அவர் கவனிக்கவில்லை.

"விடிஞ்சதுலேருந்து இப்படித்தான்" என்றார் அந்த அம்மாள் தாழ்ந்த குரலில். "கோணலா இருக்காம். எங்கே கோணல்னு எனக்குத் தெரியலை. பெருமாளுக்குத் தெரியாத கோணலா? வயத்துல ஒரு பருக்கை இல்லை. ராத்திரி கண்ணை மூடறதில்லை. நீங்களாவது ஏதாவது சொல்லுங்கோளேன்."

அத்தனை வருஷமும் அவர்மேல் நான் வைத்திருந்த வெறுப்பு அந்த ரேழியில் கழன்று விழுந்தது. இந்த மனிதர் எங்களைச் சுரண்டவில்லை, தன்னையே சுரண்டிக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியபோது எனக்கு முதலில் வந்தது இரக்கம்கூட இல்லை, நடுக்கம். சாவியைப் பற்றிச் சொன்னேன். அம்மாள் தலையை ஆட்டினார். "பூணூல்லே இருக்கு. உயிரை வேணா தருவார், அதைத் தரமாட்டார். உங்களுக்கு என்ன வேணும், அந்த மதகுப் படம்தானே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது அவர் கையில் இரண்டு கெட்டித் தாள்கள் இருந்தன. ஹெட் வேண்டாமென்று கொண்டுவந்து போட்ட பிளான்களையெல்லாம் அவர் சாமான் அறையான உக்கிராணத்தில், அலமாரியில் ஊறுகாய் ஜாடிகளுக்கு அடியில் விரித்துவைத்திருக்கிறார். "இது மாவடு போட்ட சமயத்துல வந்தது. இது அதுக்கப்புறம், எலுமிச்சங்காய் போட்டப்போ. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியறது" என்றார். நான் இரண்டையும் சுவரில் வைத்துப் பார்த்தேன். படிப்பும் பழக்கமும் உள்ளவன் நான், எனக்கும் ஒன்றாகத்தான் தெரிந்தது. ஒரே மதகு, ஒரே அளவுகள். மாசியில் ஒரே காலையில் முடித்தாரே, அதே பிளான். அதன் நடுவில் மாவடு ஜாடியின் வட்டம் மட்டும் எண்ணெயாக ஊறியிருந்தது.

"எடுத்துண்டு போங்கோ. அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார். ஹெட்டிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்த மாவடுத் தாளைச் சுருட்டிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். அதற்காக அன்றும் நான் வருந்தவில்லை, இன்றும் வருந்தவில்லை.

எஞ்சினியர் தாளை மேஜையில் விரித்து, அளவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். முகத்தைக் கிட்டே கொண்டுபோனவர் நிமிர்ந்து, "என்னய்யா, மாவடு வாசனை அடிக்குது?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இதுல ஒரு தப்பும் இல்லையே. மாசியிலேயே கொடுத்திருக்கலாமே" என்றார். உடனே துணியை விரித்தேன். எனக்குப் பின்னால் சுரண்டுவதற்கு யாரும் இல்லை என்பதால் ஒவ்வொரு அளவையும் இரண்டு தடவை பார்த்து எடுத்தேன். முடித்து, எஞ்சினியர் கையெழுத்துப் போட்டு, மாடியில் வெயில் சாய்வதற்குள் நகல் எடுத்து, ஈரம் காய்ந்ததும் காயாததுமாக ஆள் மூலம் அனுப்பினோம்.

மறுநாள் ஹெட் வந்தார். நெற்றியில் திருமண் இல்லை, பொருக்குத் தட்டிய சிவப்பு மட்டும். அம்மாள் சொல்லியிருக்க வேண்டும். நேராகப் போய் டிரேசிங் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது உன் கையா?" என்றார். "ஆமா சார்." "இந்த ஓரத்துல கனம் மாறிடுத்தே." கோடு கனமானதால் சுவர் விழுந்துவிடாது சார் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அந்த நெற்றியைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் பட்டபாடு முன்பு பட்டதைவிட மோசம். தான் வேண்டாமென்று கழித்த பிளான் செங்கல்லும் சுண்ணாம்புமாக எழும்பிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கொள்ளிடத்தைத் தாண்டிப் போய் மதகடியில் நின்று கொத்தனார்களைத் துளைத்தெடுத்தார். இவர் வந்தால் நாங்கள் வேலைக்கு வரமாட்டோம் என்று அவர்கள் சொல்லிவிட, எஞ்சினியர் அவரை அங்கே போகக் கூடாது என்று தடுத்தார். பிறகு ஆபீஸிலேயே உட்கார்ந்து, மதகு எங்கே விரியும், எந்த மூலையில் கசியும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மனிதர் பாதியாகிவிட்டார். மதகு தாங்காவிட்டால் இவரும் தாங்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அதை எடுத்துக் கொடுத்தவன் நான். ஆகவே எனக்கும் சோறு இறங்கவில்லை.

வாய்க்காலில் தண்ணீர் விட்ட அன்று எஞ்சினியர் அவரைத் தம்முடன் அழைத்துப்போனார். என்னையும் வரச் சொன்னார். கரையில் ஊர்க்காரர்கள் கூடியிருந்தார்கள். தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார்கள். பழுப்பும் நுரையுமாகத் தண்ணீர் வந்து மதகில் முட்டி, மெல்ல ஏறியது. பலகையைத் தூக்கியதும் மறுபக்கம் பாய்ந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். ஹெட் மட்டும் பக்கச்சுவரின் அடியில் குந்தி உட்கார்ந்து, செங்கல் இணைப்பைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். எல்லா மூலையையும் தடவினார். கையை முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தார். ஈரம் இல்லை. மறுபடியும் தடவினார். ஒரு பெரியவர், "நல்லா கட்டிக் கொடுத்துட்டீங்க சாமி. புள்ளகுட்டியோட நல்லா இருங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். இவர் பதிலுக்குக் கும்பிடக்கூட மறந்துவிட்டார்.

கூட்டம் கலைந்தது. எஞ்சினியர் சற்றுத் தள்ளி ஊர்க்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். நான் ஹெட்டிடம் போய், "போலாமா சார்? ஒண்ணும் ஆகலை. நல்லா நிக்குது" என்றேன். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு கேட்டார். "முதல் நாள் போட்டதே சரியா இருந்துதுன்னா, இத்தனை வருஷமா நான் என்னடாப்பா பண்ணிண்டிருந்தேன்?"

எதையாவது சொல்லியிருக்கலாம். உங்கள் கோடு அழகு என்று சொல்லியிருக்கலாம், அது பொய்யும் அல்ல. ஆனால் அவர் கேட்டது கோட்டைப் பற்றி அல்ல. வேலையை நன்றாகச் செய்ய வேண்டும் என்பது ஒன்று, தப்பு நேர்ந்தால் நாமே இல்லாமல் போய்விடுவோம் என்று நடுங்குவது வேறொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி குனிந்து உட்கார்ந்திருக்கும். நாங்கள் அவரை முதல் வகை என்று மரியாதை செய்தோம், அல்லது சபித்தோம். இரண்டாவது வகை என்று கண்டுகொண்டவர் அந்த அம்மாள் ஒருவர்தான். அவருக்கும் ஜாடிக்கு அடியில் விரிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

மறுநாள் ஹெட் லீவு எழுதி அனுப்பினார். சில நாள் கழித்து எஞ்சினியர் என்னை ஹெட் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவரச் சொன்னார். ரேழியில் அம்மாள் என்னைக் கண்டதும் வாயில் விரலை வைத்தார். "தூங்கறார். சாப்பிட எழுந்துக்கறார், மறுபடி தூங்கறார். உடம்புக்கு ஏதாவது இருக்குமோன்னு பயமா இருக்கு. எழுப்பட்டுமா?" என்றார். "எழுப்பாதீங்க அம்மா, தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அவர் இல்லாத அந்த நாட்களில் ஆபீஸிலிருந்து பிளான்கள் வேளைக்குப் போயின. ஆனால் இரண்டு இடத்தில் அளவைத் தப்பாகப் போட்டு நாங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டோம். யார் தலையிலோ பாரத்தைப் போட்டுவிட்டு இத்தனை நாள் சோம்பித் திரிந்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

ஆனி கடைசியில் அவர் வேலைக்குத் திரும்பினார். நெற்றி ஆறியிருந்தது. முதல் வேலையாக ஒரு சிறு பாலத்தின் பிளானை என்னிடம் கொடுத்தார். எடுத்து முடித்த டிரேசிங்கை மத்தியானம் அவர் மேஜையில் வைத்துவிட்டு, என் இடத்துக்கு வந்து காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். போட்டுவிட்டு ஓரமாக வைத்துவிட்டு, தூக்கைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பகீரென்றது. ஓடிப்போய் அந்தத் துணியை எடுத்துப் பார்த்தேன். நான் பயந்தபடியே ஒரு அளவு விட்டுப்போயிருந்தது. "சார், அஸ்திவாரத்தோட அகலம் போடாம விட்டுட்டேன். நீங்களும் பார்க்கலை" என்றேன். என் குரலில் கோபம் இருந்திருக்கும். இத்தனை வருஷம் என் ஒழுங்கான கோட்டையெல்லாம் சுரண்டியவர், தப்பை விட்டுவிட்டாரே என்ற கோபம்.

அவர் கையில் சோற்றுக் கவளத்தோடு நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் பயம் வருகிறதா என்று தேடினேன். கொஞ்சம் வந்தது. பிளேடு இருந்த பக்கம் கண் போயிற்று. பிறகு கவளத்தை வாயில் போட்டு, மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"விட்டுப்போனா போட்டுக்கோ. அதான் நீ இருக்கியே."

அந்த ஆபீஸில் அதுவரை அவர் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. துணியை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தேன். கண்ணில் நீர் கட்டிக்கொண்டதால் உடனே எழுத முடியவில்லை. ஒரு சொட்டு விழுந்தால் துணி போய்விடும். முகத்தைத் துடைத்துக்கொண்டு, விட்டுப்போன எண்ணைப் போட்டேன்.